காகிதத்தில் மலரும் காந்தள்

தமிழ் விழா மேடைகளில் ஆண்டுதோறும் தவறாது மலரும் பூவொன்று உண்டு. அது மண்ணில் முளைப்பதில்லை. சிவப்பும் மஞ்சளுமான கடதாசிகளை வெட்டி ஒட்டிச் செய்யப்படுகின்றது. மேடைத் திரையிலே அப்பூ விரிந்து நிற்க, ஒலிவாங்கியின் முன்னே பேச்சாளர் கபிலரின் குறிஞ்சிப்பாட்டைப் புகழ்ந்துரைப்பார். அப்பாட்டிலே வரும் தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்களையும் ஒரே மூச்சிற் சொல்லி முடிக்கும் மாணவருக்கு அவையோர் கைதட்டுவர். அப்பட்டியலின் தலைப்பில் நிற்பது செங்காந்தள். அதே வேளையில், மண்டபத்துக்கு அப்பாலுள்ள ஒழுங்கையிலே, மதில் எழுப்புவதற்காகப் பிடுங்கப்பட்ட வேலியோடு அக்காந்தளின் கிழங்கும் குப்பைக் குவியலிற் கிடந்து வாடும். பட்டியலை ஒப்பித்தவரும் கைதட்டியவரும் அதனைக் கடந்தே வீடு செல்வர். கண்டால் அறியார்; அறிந்தாலும் குனிந்தெடுக்கார்.

இம்முரண்பாடு தற்செயலாக நேர்ந்ததெனக் கொள்ளுதல் இயலாது. பூவைச் சின்னமாக்கிப் போற்றுவதும் செடியைக் களையெனக் கருதி எறிவதும் ஒரே மனப்பாங்கின் இரு பக்கங்களாகும். இயற்கையோடு இயைந்து வாழ்ந்தவர் தமிழர் என்னும் கூற்று மேடைதோறும் முழங்குகின்றது. ஆயினும் அக்கூற்றை முழங்குவோரின் முற்றத்தை நோக்குமிடத்து அங்கு அதற்குச் சான்று காண்பது அரிது. காந்தளைப் போற்றிப் பேசும் உரிமை, வெயில் விழும் தம் முற்றத்தில் அதற்கு ஒரு முழ நிலமேனும் ஒதுக்கியவருக்கே உண்டு என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

வேலியும் மதிலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கார்த்திகைப்பூ என வழங்கும் இச்செடிக்கு வாழிடமாக அமைந்தது வேலியே. கிளுவை, பூவரசு, முள்முருக்கு, ஆடாதோடை முதலியவற்றின் கதியால்களை நெருக்கி நட்டு அடைத்த உயிர்வேலி, காணிகளைப் பிரித்ததோடு பல சிற்றுயிர்களுக்குப் புகலிடமாகவும் விளங்கியது. அதனடியிற் சருகு சேர்ந்தது. அங்கு கலப்பையோ மண்வெட்டியோ சென்றதில்லை. கிழங்குக்கு நிழலும், கொடிக்குக் கொழுகொம்பும், பூவுக்கு வெயிலும் ஓரிடத்திலேயே கிடைத்தன. சீமெந்து மதில் வந்தபோது இம்மூன்றும் ஒருங்கே போயின. கடற்கரையை அடுத்த மணற்பற்றைகளில் எஞ்சியிருப்பவையும் காணி துப்புரவு என்னும் பெயரால் அழிக்கப்பட்டு வருகின்றன.

மதில் கட்டுவதே குற்றமென்று எவரும் கூறார். ஆண்டுக்கு ஆண்டு வேலி அடைப்பதற்கு ஆளும் ஓலையும் வேண்டும். இரண்டும் இன்று அருமையாகிவிட்டன. மதிலை விரும்புவோருக்கு அவர்தம் நியாயம் உண்டு. மதில் எழுந்தபின் அதனருகே நடப்படுவது யாது என்பதே கேள்வி. பிரேசில் நாட்டிலிருந்து உலகெங்கும் சென்ற போகன்விலா நடப்படுகின்றது. அதே நாட்டின் அலமண்டா படர்கின்றது. பசுபிக் தீவுகளின் குறோட்டன் சாடிகளில் வரிசையாக நிற்கின்றது. நித்தியகல்யாணியைக் கோயிற் பூவாகக் கொண்டோர் பலர் அது மடகஸ்காரிலிருந்து வந்ததென்பதை அறியார். பணங் கொடுத்து வாங்கி, கோடையிலே கிணற்று நீரிறைத்து இவற்றைக் காப்போர், நீரும் பணமும் கேளாது மழையோடு தானே எழும் செடியைக் களைக்கொட்டால் வெட்டி எறிகின்றனர்.

பிறநாட்டுச் செடி என்னும் காரணத்தால் மட்டும் ஒன்றை வெறுப்பது அறிவுடைமையாகாது. மிளகாயும் மரவள்ளியும் புகையிலையும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்களே. அவற்றை நீக்கினால் வடபுல விவசாயியின் வாழ்க்கையே இல்லை. அவை உழைப்பால் இம்மண்ணுக்கு உரிமை பெற்றவை. அழகின் பெயரால் வந்தவற்றின் வரலாறோ வேறு. 1826 இல் பேராதனைத் தாவரப் பூங்காவின் வழியாக அழகுச் செடியென இந்நாட்டிற் புகுந்த நாயுண்ணி, இன்று காடுகளையும் தரிசுகளையும் மூடி வளர்ந்துள்ளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீர்நிலைகளுக்கு அணியென்று கொணரப்பட்ட ஆகாயத்தாமரையை ஒழிப்பதற்கு 1909 இலேயே தனிச் சட்டமொன்று இயற்ற நேர்ந்தது. அயலழகின் மீதுள்ள மோகத்துக்கு இந்நாடு கொடுத்த விலை சிறிதன்று. அவ்விலையைக் கொடுத்த பின்னரும் பாடம் கற்கப்படவில்லை.

செடியின் இயல்பு

காந்தள் பல்லாண்டுத் தாவரமாகும். இலின்னேயசு 1753 இல் இதற்கு இட்ட இருசொற் பெயரின் இரு பகுதிகளும் இதன் மேன்மையையே குறிக்கின்றன. மண்ணுக்கு மேல் தோன்றும் கொடி சில மாதங்களே வாழும். மண்ணுள்ளே கிழங்கு தங்கியிருக்கும். அக்கிழங்கு இருபுறமும் கைவிரித்து வளைந்து கலப்பை போற் காணப்படும். கலப்பைக்கிழங்கு என்று நாட்டு மருத்துவர் பெயரிட்டது இதனாலேயாம். கோடை முழுவதும் அது உறங்கும். வடகீழ்ப் பருவமழையின் முதல் நீர் மண்ணில் ஊறியதும் கிழங்கின் நுனியிலிருந்து முளை எழும். இலையின் கூர்நுனி நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாகி அருகில் உள்ளதைப் பிடித்துக்கொள்ள, கொடி ஆளுயரத்துக்கும் மேலே ஏறும். கார்த்திகையிலே பூக்கும். தைக்குப் பின் கொடி பழுத்து வாடும். அதற்குள் பழைய கிழங்கு தன்னை முற்றாகக் கொடுத்துச் சுருங்க, அதனிடத்திற் புதிய கிழங்கு உருவாகியிருக்கும். ஆண்டுதோறும் அழிந்து ஆண்டுதோறும் மீளும் வாழ்க்கை இது.

ஆண்டில் அரைப்பகுதி வெறும் மண்ணாகக் கிடக்கும் செடியால் முற்றத்துக்கு என்ன அழகு என்று வினவுவோர் உளர். எப்போதும் பசுமை, எந்நாளும் பூ என்பது கடைச்சாடியின் அழகு. மழையை நம்பி வாழும் நாட்டில் முற்றமும் மழையின் கணக்கை அறிந்திருத்தலே முறையாகும். ஐப்பசியில் வெறும் மண்ணை நோக்கிக் காத்திருந்து முளையைக் கண்டவர் அடையும் மகிழ்ச்சியைக் குறோட்டன் ஒருநாளும் அளித்ததில்லை.

நூலும் நேர்க்காட்சியும்

முற்றத்து அழகைப் பற்றியதோடு இவ்வழக்கு முடிவதில்லை. தமிழ்க் கல்வியும் இதனுட் சிக்கியுள்ளது. கபிலரின் பட்டியலிலே காந்தள், கோடல், தோன்றி என்னும் மூன்று பெயர்களும் வெவ்வேறிடங்களில் வருகின்றன. கோடலை வெண்காந்தள் என்பர். தோன்றியைச் செங்காந்தள் என்பர். அவ்வாறாயின், பட்டியலின் முதலிலேயே செந்நிறம் சுட்டப்பட்டுவிட்ட காந்தளுக்கும் தோன்றிக்கும் வேற்றுமை யாது? அவை ஒரு செடியின் இரு பெயர்களா, இரு வேறு செடிகளா? குறிஞ்சிக்குரியதெனக் காந்தளைக் கற்பிக்கும் ஆசிரியர், முல்லைப்பாட்டின் கார்காலக் காட்சியில் தோன்றி குருதி நிறத்தில் மலர்வதை எவ்வாறு விளக்குவார்? மலையே இல்லாத யாழ்ப்பாணத்துக் கடற்கரை மணலிற் காந்தள் படர்வதை எத்திணையில் அடக்குவார்?

இவ்வினாக்களுக்கு உரைகளையும் அகராதிகளையும் புரட்டி விடை தேடுவதே இன்று வழக்காயுள்ளது. ஓர் உரை மற்றோர் உரையையும், ஓர் அகராதி மற்றோர் அகராதியையும் எடுத்தாளும். செடியை எவரும் எடுத்து நோக்குவதில்லை. செடியை வளர்த்தவரோ ஒன்றைத் தவறாது கண்டிருப்பார். காந்தட்பூ பிறக்கும்போது சிவப்பாயிருப்பதில்லை. அரும்பு பச்சை. விரியும்போது ஆறு இதழ்களும் பசுமை கலந்த மஞ்சள் நிறங் கொண்டிருக்கும். இதழ்கள் பின்னோக்கி மடிந்து மேலெழ, நுனியிலிருந்து செம்மை பரவும். அடி பொன்னிறமாகவும் நுனி தீநிறமாகவும் நிற்கும் நாட்கள் சில. இறுதியில் இதழ் முழுவதும் இருண்ட சிவப்பாகி வாடும். ஒரே கொடியில் ஒரே காலையில் இந்நிறங்கள் யாவும் ஒருங்கே காணப்படும். நிறத்தைக் கொண்டு பெயர்களைப் பிரிக்க முனையும் உரைமரபு இக்காட்சியின் முன் மீள ஆராயப்படல் வேண்டும். காட்சி ஒன்றே விடையைத் தந்துவிடும் எனல் மிகையாகும். ஆனால், காட்சி இல்லாதவிடத்து வினாவே சரியாக எழாது.

மகளிர் விரல், பாம்பின் படம், தீச்சுடர் எனச் சங்கப் புலவர் காந்தளுக்குக் காட்டிய உவமைகளும் அவ்வாறே. அரும்பும், விரியும் பூவும், முற்ற மலர்ந்த பூவும் வடிவில் வேறுபடுவதை அறியாதவருக்கு அவை ஒன்றோடொன்று முரண்படும் கற்பனைகளாகத் தோன்றும். அறிந்தவருக்கோ அவை ஒரு செடியை அதன் வளர்ச்சியின் வெவ்வேறு நிலைகளில் உற்றுநோக்கிய கண்களின் பதிவுகளாகும். தனிநாயகம் அடிகள் சங்கச் செய்யுளையும் நிலத்தையும் இணைத்து ஆராய்ந்து உலகறிய எழுதினார். அவர் இந்நாட்டுப் பல்கலைக்கழகத்திற் கற்பித்தவர். அவர் காட்டிய வழியில் நிலத்துக்குச் செல்ல வேண்டிய மாணவர், பரீட்சை வினாத்தாளுக்கென ‘முதல், கரு, உரி’ என மனனஞ் செய்து அமைதியடைகின்றனர். கருப்பொருள் என்பது அவர்களுக்கு ஈரெழுத்துக் குறிப்பாகச் சுருங்கிவிட்டது.

நஞ்சு என்னும் நியாயம்

செடியை அகற்றுவோர் கூறும் வலிய நியாயம் அதன் நஞ்சு பற்றியதாகும். இதனை எளிதிற் புறக்கணித்தல் தகாது. கார்த்திகைப்பூச் செடியின் எல்லாப் பகுதிகளிலும் கொல்கிசின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. கிழங்கிலும் விதையிலும் அது மிகுதி. கிழங்கை வற்றாளங்கிழங்கென மயங்கி அவித்துண்டு இறந்தோர் இந்நாட்டில் உளர். சிறு குழந்தைகளும் ஆடுமாடுகளும் தடையின்றித் திரியும் முற்றத்திலும், மரக்கறித் தோட்டத்தின் அருகிலும் இதனை நடலாகாது. இவ்வளவும் உண்மை.

ஆயினும் நஞ்சுதான் காரணமெனில் நீதி யாவற்றுக்கும் ஒன்றாயிருத்தல் வேண்டும். வெப்பவலய அமெரிக்காவிலிருந்து வந்த மஞ்சள் அலரி வடபுலத்து வேலிகளில் நிறைந்து நிற்கின்றது. அதன் விதையின் கொடுமையை இந்நாட்டு மருத்துவமனைகள் பல்லாண்டுகளாக நன்கறியும். அதனை எவரும் வேரோடு பிடுங்குவதில்லை. பூசைக்குப் பூப் பறிக்கின்றனர். ஆகவே அச்சம் நஞ்சைப் பற்றியதன்று. நஞ்சு பின்னர்த் தேடிக்கொண்ட சாட்டு.

மேலும், அறியாமையே நஞ்சைக் கொடியதாக்குகின்றது. வற்றாளைக்கும் கலப்பைக்கிழங்குக்கும் வேற்றுமை அறிந்த தலைமுறை அதன் அருகே அச்சமின்றி வாழ்ந்தது. செடியை ஒழிப்பதால் அவ்வறிவும் ஒழிகின்றது. ஒழியாது எங்கோ எஞ்சிய ஒரு கிழங்கு அறியாதவர் கையில் அகப்படும்போது தீங்கு நேர்கின்றது. அடையாளங் காட்டி, கையுறை அணிந்து தொட்டு, காய் முற்றுமுன் வேண்டாதவற்றை அகற்றி வளர்ப்பதே பாதுகாப்பான வழி.

இந்நஞ்சுக்கு மற்றொரு முகமும் உண்டு. கொல்கிசின், சூலைநோய் எனப்படும் ஒருவகை மூட்டு நோய்க்கு மருத்துவர் அளந்து கொடுக்கும் மருந்து. பயிர் ஆராய்ச்சியாளர் நிறமூர்த்தங்களை இரட்டிக்கச் செய்வதற்கும் இதனைப் பயன்படுத்துவர். தமிழ்நாட்டிலே கரூர், திண்டுக்கல், திருப்பூர் மாவட்ட உழவர் இதனைக் கண்வலிக்கிழங்கு என்னும் பெயரில் வயல்களிற் பயிரிட்டு, காலை வேளையிற் பூப்பூவாகச் சென்று தம் கையாலேயே மகரந்தஞ் சேர்த்து, விதையை ஏற்றுமதிக்கு விற்கின்றனர். ஓரிடத்து உழவர் கைதொட்டு வளர்க்கும் செடியை மற்றோரிடத்துக் கற்றவர் கால்தொட்டு மிதிக்கின்றனர்.

சின்னமும் செடியும்

கார்த்திகைப்பூவைப் பற்றிப் பேசும்போது பலர் சொல்லாது விழுங்கும் ஒன்றும் உண்டு. 2003 இல் தமிழீழ விடுதலைப் புலிகள் இதனைத் தமது தேசிய மலராக அறிவித்தனர். 2009 இற் போர் முடிந்தபின் இப்பூவின் வடிவமே ஐயத்துக்குரியதாயிற்று. அதனால் இதனை வளர்க்கத் தயங்குவோர் ஒருபுறம். இதன் படத்தை வரைந்தாற் போதும், செடி எக்கேடு கெட்டாலும் ஆகுக என இருப்போர் மறுபுறம். இரு சாராரும் ஒரே பிழையையே செய்கின்றனர். இருவர் கண்ணுக்கும் செடி தெரிவதில்லை, சின்னமே தெரிகின்றது.

செடியோ எவருடைய அறிவித்தலுக்கும் முந்தியது. சிங்கள மக்கள் இதனை நியங்கலா என்பர். அவர்தம் ஊர்களிலும் இது வேலியேறிப் பூக்கின்றது. ஆபிரிக்காவிலும் இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் இது இயல்பாக வளர்வது. தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. வெள்ளையர் ஆண்ட றொடீசியா இதனைத் தன் அடையாளமாகக் கொண்டிருந்தது. அந்நாட்டுப் பிள்ளைகளின் பரிசாக 1947 இல் இளவரசி எலிசபெத்துக்கு வழங்கப்பட்ட வைரப் பதக்கம் இப்பூவின் வடிவிலேயே அமைந்தது. 1980 இல் அவ்வாட்சி ஒழிந்து சிம்பாப்வே பிறந்தது. விடுதலை பெற்ற மக்களும் இதனையே தம் தேசிய மலராகக் கொண்டனர். ஆண்டவரின் பதக்கத்திலும் ஆளப்பட்டவரின் நாட்டிலும் ஒரே பூ நின்றது. ஒரு தரப்பாரின் பூவென இதனைத் தூக்குவதும் மறு தரப்பாரின் பூவென இதனை விலக்குவதும் செடிக்குச் செய்யும் அநீதியாகும். வளர்ப்பவர் கையிலே அது எல்லோருக்கும் உரிய செடியாக மீளும்.

செய்யத்தக்கது

பேச்சைக் குறைத்துச் செய்யத்தக்கவை சில உள. நாளில் அரைப்பொழுதேனும் வெயில் விழும் இடமும், நீர் தேங்காத மண்ணும் இருந்தாற் காந்தளுக்குப் போதும். குடாநாட்டுச் செம்மண்ணும் மணல் கலந்த மண்ணும் அதற்கேற்றவை. நீர் நிற்கும் இடமெனின் மண்ணை மேடாக்கிக்கொள்ளல் வேண்டும். ஈரத்திற் கிழங்கு அழுகும். கிழங்கை நான்கு விரல் ஆழத்திற் கிடையாக வைத்து மூடவேண்டும். அதன் நுனியிலேயே முளை இருப்பதால் நுனி ஒடியாது கையாளுதல் முக்கியம். ஒடிந்தாற் பின்னர் முளைப்பதில்லை. ஏறுவதற்கு நான்கு கிளுவைக் கதியால்களை நட்டாற் கொடி தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும். கொடி வாடியபின் நீரூற்றலாகாது. உறங்கும் கிழங்கை உறங்கவிடல் வேண்டும்.

கிழங்கை எங்கிருந்து பெறுவது என்பதிலே நேர்மை தேவை. பற்றையில் வாழும் செடியைத் தோண்டி முற்றத்தில் நடுவது பாதுகாப்பாகாது. அது இடம்மாற்றிய அழிவு. மதிலுக்காக வெட்டப்படும் வேலிகளில் எறியப்படும் கிழங்குகளை மீட்டெடுக்கலாம். முற்றி வெடிக்கும் காய்களிலிருந்து செந்நிற விதைகளைச் சேர்க்கலாம்.

தமிழ்ச் சங்கங்களுக்கு இதிலே தனிக் கடமை உண்டு. கலைப்பீடக் கட்டடங்களைச் சூழ்ந்துள்ள புற்றரைகளில் வெயிலுக்குக் குறைவில்லை. அங்கு ஒரு பாத்தியில் கபிலர் கூறிய பூக்களுட் சில வளரட்டும். ஆவிரையும் கொன்றையும் தும்பையும் கருவிளையும் இம்மண்ணில் எளிதில் வாழ்வன. அவற்றின் நடுவே காந்தள் ஏறட்டும். அருகில் அதன் பெயரும் நஞ்சு பற்றிய எச்சரிக்கையும் எழுதப்பட்டிருக்கட்டும். தாவரவியல் மாணவரும் தமிழ் மாணவரும் ஒரே செடியின் முன் நின்று உரையாடும் இடம் அதுவாகும். இன்று பல்கலைக்கழகத்தில் அவ்வாறானதோர் இடம் இல்லை.

விதையிலிருந்து காந்தளை வளர்ப்பது மெல்ல நிகழும் காரியம் என்று தயங்குவோர் இருப்பர். உண்மையே. முளைப்பதற்கே மாதங்கள் சில செல்லும். பூப்பதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் வேண்டும். ஒரு சிறப்புப் பட்டத்துக்கு வேண்டிய காலமும் அவ்வளவே. முதலாண்டு மாணவர் வகுப்புத் தொடங்கிய மழையில் விதையை ஊன்றினால், இறுதியாண்டுக் கார்த்திகையிற் பூவைக் காண்பார். அந்நான்கு ஆண்டுகளில் அவர் குறிஞ்சிப்பாட்டை எத்தனை முறை ஒப்பிப்பார் என்பதை எவரும் எண்ணப்போவதில்லை. விதை முளைத்ததா என்பதை மட்டும் அவரே சென்று, குனிந்து பார்க்க வேண்டியிருக்கும்.